வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி வரும் மின்தொடர் வண்டி, குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு சிறு நிலையத்தில் நிற்கிறது. தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறுகின்றனர், இறங்குகின்றனர். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் இவ்விடத்தில் காசநோயாளருக்கென ஒரு சிகிச்சை இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னர் இங்கிலாந்து நாட்டில் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுசன் 1917-இல் நோயுற்றபோது அங்கே அவருடைய பராமரிப்பில் இருந்ததும் உண்டு. 1937-இல் தாம்பரம் இல்லத்தை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாகத் தொண்டாற்றி வருகிறது.

அக்காலத்தில் காசநோயை வெல்லும் மருந்து எதுவும் இல்லை. ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். ஆகவே ஓய்வு, நல்லுணவு, வெயில், திறந்த வெளியின் தூய காற்று ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பினர். வீட்டினுள்ளே அடைந்து கிடந்தவனைத் தாழ்வாரத்திற்குக் கொணர்ந்து கட்டிலில் கிடத்துவதே சிகிச்சையின் முதற்படியாக இருந்தது.

காற்று மட்டுமே காசநோயைக் குணப்படுத்திவிடாது என்பதையும் நம் சென்னையே உலகுக்கு எடுத்துக்காட்டியது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், மருந்தை முறையாக உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று 1959-இல் நிறுவியது. எனினும் காற்றோட்டமுள்ள அறையில் நோய்க்கிருமிகள் செறிந்து நிற்பதில்லை, அடைத்த அறையில் செறிந்து நிற்கின்றன என்னும் உண்மை மாறவில்லை. 2020-இல் கொரோனா கொள்ளைநோய் பரவியபோது, சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று மருத்துவர்கள் மீண்டும் வீடுதோறும் சொல்ல நேர்ந்தது.

திறந்த காற்றின் பெயரால் ஒரு இரயில் நிலையமே அமைந்த இந்த வட்டாரத்தில், நம் வீடுகள் இன்று எப்படி இருக்கின்றன?

மறைந்துபோன நடுவிடம்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் ஆகிய ஊர்களில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பெற்ற வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. ஓட்டுக் கூரையாயினும் ஒட்டுத் தளமாயினும், வீதிக்கும் கூடத்திற்கும் நடுவே ஓர் இடத்தை அவை விட்டு வைத்தன. அது திண்ணையாக இருக்கலாம், தாழ்வாரமாக இருக்கலாம், இரண்டு படிக்கட்டும் ஒரு சிமெண்டு மேடையுமாகக்கூட இருக்கலாம். அது முற்றிலும் வீடும் அன்று. முற்றிலும் வெளியும் அன்று. மேலே நிழல், முன்னே காற்று, பின்னே சுவர். அங்கேதான் பாட்டி கீரை ஆய்ந்தாள்; பிள்ளைகள் பாடம் படித்தனர்; தந்தை செய்தித்தாள் வாசித்தார்; அயலார் வந்து நின்று பேசிச் சென்றனர்.

இன்றைய வீட்டில் அந்த இடம் போர்ட்டிகோவாகிக் காருக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உறைவிடமாயிற்று. மிஞ்சிய இடத்தைத் தரையிலிருந்து கூரைவரை இரும்புக் கிராதி அடைத்துக்கொண்டது. சுற்றிலும் விட்ட வெற்றுத்தரையைச் சிமெண்டு மூடிக்கொண்டது. உள்ளே குளிர்சாதனக் கருவி ஓடுவதால் சன்னலும் மூடிக்கொண்டது.

இதற்குக் காரணங்கள் உண்டு. திருட்டு அச்சம் பொய்யன்று. கொசுத்தொல்லை கற்பனையன்று. மனையின் விலை எட்டாத உயரத்திற்குப் போய்விட்டபோது, அறைக்குப் பயன்படும் இடத்தைத் திண்ணைக்கு விடுவானேன் என்று ஒரு குடும்பத்தலைவர் கணக்கிட்டால் அவரைக் குறைகூற இயலாது. ஆனால், அந்தச் சில அடி இடத்தை இழந்ததால் நாம் எவற்றை இழந்தோம் என்ற கணக்கையும் உடன் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் இழப்பு முதியோருடையது. மகனும் மருமகளும் பணிக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை கிராதிக்குப் பின்னால் தனித்திருக்கும் தாய்தந்தையர் நம் பங்குகளில் எத்தனை பேர்! திவ்ய நற்கருணை வழங்க வீடுகளுக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். அம்முதியோருக்கு உணவு உண்டு, மருந்து உண்டு, தொலைக்காட்சி உண்டு. "சாப்பிட்டாயிற்றா?" என்று வழியிற்செல்வோர் ஒருவர் கேட்கும் அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. திண்ணை இருந்த காலத்தில் அச்சொல் விலையின்றிக் கிடைத்தது.

இரண்டாம் இழப்பு நீருடையது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. சென்னை வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். எனவே ஒரு கிரவுண்டு மனையின்மேல் ஆண்டுதோறும் மூன்று இலட்சம் லிட்டர் மழைநீர் பொழிகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த ஒரே நாளில் ஒவ்வொரு கிரவுண்டிலும் ஓர் இலட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுந்தது. அத்தனை நீரையும் எந்த மண்ணும் உறிஞ்சியிருக்க முடியாது. ஆயினும், மனையெல்லாம் சிமெண்டான ஊரில் ஒவ்வொரு வீடும் தன் நீரை வீதிக்குத் தள்ளுகிறது. வீதி தாழ்ந்த பகுதிக்குத் தள்ளுகிறது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராசபுரமும் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்க மாட்டார். நான்கே ஆண்டுகளுக்குப்பின், 2019 கோடையில், இதே வட்டாரத்தில் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் வண்டிக்காகக் காத்திருந்தோம்.

மூன்றாம் இழப்பு உறவினுடையது. அந்த வெள்ளத்தின்போது கீழ்த்தளத்தில் இருந்தோரை மாடியில் இருந்தோர் ஏற்றுக்கொண்டனர். அடுத்த வீட்டில் வாழ்பவரின் பெயரையே அன்றுதான் அறிந்தோர் பலர். நீர் கழுத்தளவு வந்தபின் அறிமுகமாவது நற்பேறுதான். ஆனால் அதற்கு முன்னரே அறிமுகமாகியிருத்தல் அதனினும் நன்றன்றோ?

கூடார வாயிலில் ஒரு முதியவர்

திருமறை நூலைத் திறந்து பார்ப்போம். தொடக்கநூல் பதினெட்டாம் அதிகாரத்தில், வெயில் கடுமையான வேளையில் ஆபிரகாம் தம் கூடார வாயிலில் அமர்ந்திருக்கிறார். மூவர் நிற்கக் காண்கிறார், ஓடிச்சென்று வரவேற்கிறார், கால் கழுவ நீர் தந்து, மரநிழலில் அமர்த்தி விருந்தளிக்கிறார். அவர் உள்ளே படுத்திருந்தால் மூவரும் கடந்து போயிருக்கக்கூடும். சாராவோ கூடாரத்தினுள் இருக்கிறாள். வெளியே மரத்தடியில் உரைக்கப்பட்ட மகப்பேற்றின் நற்செய்தி உள்ளே இருந்தவளின் செவியை எட்டுகிறது, அவள் சிரிக்கிறாள். உள்ளும் புறமும் ஒன்றையொன்று கேட்கும்படி அமைந்த இல்லத்தில் இறைவாக்கு நுழைந்த வரலாறு இது.

இதற்கு நேர்மாறான ஒரு வாயிலை லூக்கா நற்செய்தி பதினாறாம் அதிகாரம் காட்டுகிறது. செல்வனுடைய வாயிலருகே ஏழை இலாசர் கிடக்கிறான். செல்வன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நம் ஆண்டவர் சொல்லவில்லை. வாயிலுக்கு இப்புறம் விருந்து, அப்புறம் பசி. நடுவில் ஒருவரும் கடந்து செல்லவில்லை. அவ்வளவே. மறுமையில் அவ்விடைவெளியே கடக்க முடியாத பெரும்பிளவாயிற்று.

இன்று நம் வாயிலில் நிற்போர் யாவர்? நண்பகல் வெயிலில் பொட்டலம் கொண்டுவரும் இளைஞன், அஞ்சற்காரர், வீட்டுவேலைக்கு வரும் சகோதரி, குப்பை சேகரிக்கும் தூய்மைப் பணியாளர். இவர்கள் ஒரு நிமிடம் நிழலில் அமர்ந்து ஒரு குவளை நீர் பருக நம் வீட்டின் முன் ஓரடி இடமுண்டா?

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய திண்ணைகள் எல்லாம் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. இன்னார் அமரலாம், இன்னார் கீழே நிற்க வேண்டும் என்று சாதி அளந்து வைத்த திண்ணைகள் அவற்றுள் பல. கிறிஸ்தவ இல்லங்களும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. ஆகவே நாம் மீட்க வேண்டியது அந்தப் பழைய திண்ணையை அன்று. எவரும் அமரக்கூடிய புதிய திண்ணையை.

செய்யக்கூடியவை சில

முதலாவது, கிராதியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. தாழ்வாரத்திற்கும் வீதிக்கும் நடுவே அதை நிறுத்தினால் தாழ்வாரம் கூண்டாகிறது. தாழ்வாரத்திற்கும் கூடத்திற்கும் நடுவே நிறுத்தினால் வீடும் காக்கப்படும், தாழ்வாரமும் பிழைக்கும். புதிதாகக் கட்டுவோர் கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலமுள்ள மேடை ஒன்று முதியோர் அமர்ந்தெழ ஏற்றது. மேடைக்கும் அப்பால் ஓரடியாவது கூரை நீண்டிருந்தால் மழைச்சாரலும் உச்சி வெயிலும் எளிதில் தாக்கா. படியருகே கைப்பிடி ஒன்று இருக்கட்டும். வெள்ள அச்சமுள்ள பகுதியில் அடித்தளத்தை உயர்த்துவது கட்டாயமே. அப்போது திண்ணையையும் உடன் உயர்த்துங்கள்.

இரண்டாவது, காற்றுக்கு நுழைவாயில் மட்டும் போதாது; வெளியேறும் வாயிலும் வேண்டும். கோடையில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வருகிறது. தாம்பரம் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் அது சற்றுத் தாமதித்தே வந்தடையும். அதற்கெதிரே ஒரு சன்னலும், எதிர்ச்சுவரில் மற்றொரு சன்னலும் திறந்திருந்தால் மாலையில் கூடம் குளிரும். கதவில் கொசுவலை பொருத்திக்கொள்ளலாம். மேற்குச் சுவரையே பிற்பகல் வெயில் சுடுகிறது. அப்புறம் ஒரு மூங்கில் தட்டியோ, இடமிருந்தால் ஒரு புங்கமரமோ நின்றால் சுவரின் சூடு தணியும்.

மூன்றாவது, சிமெண்டுத் தரையில் ஒரு பகுதியையேனும் உடைத்து மண்ணுக்கு விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அக்குழாய் இன்று பெயரளவில் இருக்கிறது. குழியோ தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசிக்கு முன் அதைத் தூர்வாருங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் பாறை மேலாகவே கிடப்பதால் உறிஞ்சுகுழி எல்லா இடத்திலும் பயன்தராது. கிணறு உள்ளவர்கள் மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவதே சிறப்பு.

நான்காவது, அடுக்குமாடியில் வாழ்வோருக்கும் வழியுண்டு. பால்கனியில் அடைந்துள்ள பழைய பெட்டிகளை அகற்றி இரண்டு நாற்காலிகளும் ஒரு துளசித் தொட்டியும் வையுங்கள். கீழ்த்தளத்தில் படிக்கட்டருகே ஒரு நீண்ட பலகை இருக்கை போடக் குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். மொட்டை மாடியை மாலையில் திறந்து வையுங்கள். புது வீடு கட்டுவோன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. மாடி மனிதர் நடமாடும் இடம் என்பதால் அன்றோ அக்கட்டளை பிறந்தது! யோப்பாவில் பேதுரு செபிக்க ஏறியதும் மாடிக்கே. நம் அன்பியக் கூட்டத்தையும் குடும்பச் செபமாலையையும் வாரத்தில் ஒருநாள் அங்கே நடத்தலாமே.

இத்தகைய இல்லங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் ஒரு விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சென்று வரலாம். 1996 டிசம்பரில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பிய பழைய வீடுகள் உள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடும், அக்கிரகார வீடும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடும் அங்கே அருகருகே நிற்கின்றன. அங்குள்ள ஒரு திண்ணையில் பிள்ளைகளைச் சிறிது நேரம் அமரச் செய்யுங்கள். விளக்கவுரை தேவைப்படாது, காற்றே பாடம் சொல்லும்.

இன்று மாலையே தொடங்கலாம்

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், காடுகளையும் கடல்களையும் மட்டும் பேசவில்லை. மனிதர் வாழும் வீட்டையும் தெருவையும் பற்றியும் பேசுகிறது. நெருக்கடியான குடியிருப்பிலும் அயலாரின் அன்புறவு இருந்தால் வாழ்வு மாண்புறும் என்பது அவர் நமக்கு நினைவூட்டிய உண்மை.

வீட்டை இடித்துக் கட்ட எல்லாராலும் இயலாது. ஆனால் ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் போட எவராலும் இயலும். இன்று மாலை விளக்கேற்றும் வேளையில் கிராதியின் பூட்டைத் திறங்கள். உள்ளறையில் இருக்கும் தாயையோ தந்தையையோ கைபிடித்து அழைத்து வந்து வாசலில் அமர்த்துங்கள். அருகே ஒரு செம்பில் குடிநீரும், மற்றுமொரு நாற்காலியும் வையுங்கள்.

அந்த நாற்காலி யாருக்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வருகிறவருக்கு என்று சொல்லுங்கள். அது யாராகவும் இருக்கலாம் என்பது ஆபிரகாமுக்குத் தெரியும்.