விச ஊசி இருக்குதோ?

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, "விச ஊசி இருக்குதோ, டொக்டர்?" என்றுதான். வேலணையோ, ஊர்காவற்றுறையோ, நெடுந்தீவோ, கேள்வி மாறாது. நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஊசி உடம்புக்குள் போய் எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்று தெரிந்தவர்கள் கூடவே இன்னும் இரண்டைக் கேட்பார்கள்: அட்ரினலின் கைவசம் இருக்கிறதா? பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு எப்போது கிடைக்கும்? மருந்துகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்ற பாடத்தை ஒரேயொரு நோயாளியை வைத்து நடத்தச் சொன்னால், நான் பாம்பு கடித்தவரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நயினாதீவில் நாகத்தை அடிக்கத் தயங்குவார்கள். பூ ஏந்திக் கடலில் நீந்தி வந்து அம்மனைப் பூசித்த நாகத்தின் கதை அந்த ஊரின் அடையாளம். புடையனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழகத்தில் கண்ணாடி விரியன் என்கிறார்களே, அதுதான் இங்கே புடையன். இவற்றோடு கட்டுவிரியன், சுருட்டை. குடாநாட்டின் காய்ந்த, மணற்பாங்கான நிலம் சுருட்டைக்கு நன்றாக ஒத்துப்போகும். இந்த நான்குக்கும் சேர்த்துச் செய்யப்படுவதே நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள விச ஊசி.

அது இந்தியாவிலிருந்து வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து நஞ்சு எடுக்கிறார்கள். இந்திய மருந்துக் கம்பனிகளுக்குப் போகும் நஞ்சில் பெரும் பகுதி அவர்கள் கையால் எடுத்ததுதான். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த நஞ்சைப் பிடித்துக் கட்டும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். அவற்றை இரத்தத்திலிருந்து பிரித்து, வேண்டாத துண்டை நொதியத்தால் வெட்டி எறிந்து, உலர்த்திப் புட்டியில் அடைக்கிறார்கள். நெடுந்தீவில் கட்டாக்காலியாக மேயும் குதிரைகளுக்கு இதில் பங்கு எதுவுமில்லை. ஆனால் அந்தத் தீவில் பாம்பு கடித்த ஒருவரைக் காப்பாற்றுவது எங்கோ ஒரு இந்தியப் பண்ணைக் குதிரையின் இரத்தம்தான்.

தாதி அந்தப் பொடியைக் கரைப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு புட்டிக்கு 10 மில்லிலீற்றர் நீர். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துப் போகும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். இப்படி ஒன்றல்ல, 10 புட்டி, புடையன் கடியென்றால் 20கூட. வாசலில் நிற்கும் சொந்தக்காரருக்கு அந்த நேரம் ஒரு யுகம்.

இங்கேதான் முதல் ஆச்சரியம். பனடோல் பாணியைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது நிறையைப் பார்க்கிறோம். ஒரு கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உடல் சிறிதென்றால் மருந்து பரவும் இடமும் சிறிது, அளவும் சிறிது. விச ஊசிக்கு இந்தக் கணக்கு செல்லாது. 4 வயதுப் பிள்ளைக்கும் 40 வயதுத் தகப்பனுக்கும் ஒரே எண்ணிக்கைப் புட்டிகள். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து நஞ்சு விடுவதில்லையே. ஊசி தேடிப்போவது நஞ்சை. நோயாளியின் எந்த உறுப்பையும் அல்ல. ஆகவே அளவைத் தீர்மானிப்பது நஞ்சின் அளவு. பிள்ளைக்குக் குறைத்துப் போடுங்கள் என்று கெஞ்சுகிற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். மற்ற மருந்துகளில் அவர்கள் பழகியது அப்படி.

ஏன் நாளத்திலேயே ஏற்ற வேண்டும்? பிறபொருளெதிரி ஒரு பெரிய புரதம். குடித்தால் இரைப்பையும் குடலும் அதை முட்டை, பருப்பு போலச் செரித்துவிடும். தசையில் போட்டால் இரத்தத்துக்குள் வந்து சேர நெடுநேரமாகும். மருந்து எந்த வழியால் போகிறது என்பது மருந்து எது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி.

இனி, ஊசி ஏறிய பிறகு. புடையன் நஞ்சு இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களைத் தூண்டித் தூண்டியே செலவழித்துத் தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் நிறுத்திவைத்து, பின்னர் சரித்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலை செய்துவிட்டது. குழாய் பிளாஸ்ரிக்காக இருக்கக்கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக்கூடாது. இரண்டுமே இரத்தம் உறைவதைக் குழப்பி, பொய் சொல்லவைக்கும். ஒரு சின்னத் தீவு ஆஸ்பத்திரியின் மேசையில் இதைவிட உருப்படியான கருவியை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பப் பார்த்தாலும் இரத்தம் ஓடத்தான் செய்யும். "மருந்து பிடிக்கேல்லை" என்று வாசலில் பேச்சுக் கிளம்பும். உண்மையில் மருந்து தன் வேலையை முடித்திருக்கும். இரத்தத்தில் மிதந்த நஞ்சை அது கட்டிப்போட்டுவிட்டது. செலவான உறைபுரதங்களைச் செய்து தருவது அதன் தொழிலல்ல. அது ஈரலின் வேலை, அதற்கு மணித்தியாலங்கள் பிடிக்கும். அதனால்தான் அடுத்த சோதனையை 6 மணித்தியாலம் கழித்து வைக்கிறார்கள்.

நாகமும் கட்டுவிரியனும் தாக்குவது நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தை. நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற மூலக்கூறு புறப்பட்டுத் தசையில் இருக்கும் வாங்கியில் சேர்ந்தால்தான் இமை திறக்கும், நெஞ்சு விரியும். குறிகட்டுவான் இறங்குதுறையை நினைத்துக்கொள்ளுங்கள். நாகத்தின் நஞ்சு, ஆளேற்றாமல் துறையை அடைத்துக் கட்டிவைத்த வெறும் வள்ளம். வரும் படகுக்கு இடமில்லை. நீயோஸ்டிக்மின் என்ற மருந்து அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுத்து, வரும் படகுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நெருக்கித் தள்ளிக்கொண்டு சிலது துறையைப் பிடித்துவிடும். சிலருக்குச் சரிந்த இமை சற்று நேரத்தில் உயரும். கட்டுவிரியன் செய்வது வேறு. அது அக்கரையில் படகுகள் புறப்படும் துறையையே இடித்துவிடுகிறது. நீயோஸ்டிக்மினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விச ஊசியாலும் இடிந்ததைக் கட்டமுடியாது. நரம்பு நுனி தானாக வளர்ந்து மீள நாட்கள், சிலவேளை வாரங்கள். அதுவரை நோயாளியின் மூச்சை ஒரு இயந்திரம்தான் விடவேண்டும்.

இலங்கைப் புடையனுக்கு இந்தக் கைவரிசையும் உண்டு. இரத்தத்தைக் கெடுப்பதோடு இமையையும் சரியவைக்கும். ஒரே இனமானாலும் நஞ்சின் கலவை ஊருக்கு ஊர் மாறுவதால், இந்திய நஞ்சை வைத்துச் செய்த ஊசி நமது பாம்புகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இங்குள்ள மருத்துவர்களின் பழைய கவலை.

அடுத்தது அட்ரினலின். குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியம். ஊசி ஏறும்போதே சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் விழும். பாம்பிடமிருந்து தப்பியவர் மருந்திடம் மாட்டிக்கொள்ளும் தருணம் அது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வாவும் சக ஆய்வாளர்களும் இலங்கை வைத்தியசாலைகளில் பாம்பு கடித்த 1007 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. விச ஊசிக்கு முன்னர் கால் மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்குக் கீழே போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. காலங்காலமாக வழக்கத்தில் இருந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் ப்ரோமெத்தசினும் அப்படிக் குறைக்கவில்லை.

காரணத்தை ஊகிக்கலாம். ப்ரோமெத்தசின் ஹிஸ்டமினின் வாங்கியை மட்டும் மூடுகிறது. ஒவ்வாமையில் வெளிவரும் பொருட்களோ பல. ஹைட்ரோகோர்ட்டிசோன் உயிர்க்கலத்தின் கருவுக்குள் போய்ப் புரத உற்பத்தியை மாற்றவேண்டும். அதற்கு மணித்தியாலங்கள் தேவை. அட்ரினலின் ஒரே மூலக்கூறு, ஆனால் இரத்தக்குழாயில் ஒரு வாங்கியைப் பிடித்து அதை இறுக்குகிறது, இதயத்தில் வேறொன்றைப் பிடித்துத் துடிப்பைக் கூட்டுகிறது, மூச்சுக்குழாயில் இன்னொன்றைப் பிடித்து அதைத் தளர்த்துகிறது. எல்லாம் சில நிமிடங்களில். விலை மிக மலிவு. விச ஊசி வைத்திருந்து அட்ரினலின் வைத்திராத ஆஸ்பத்திரி பாதி ஆயத்தத்தோடுதான் இருக்கிறது என்பேன்.

இதே நஞ்சுகளிடமிருந்து மருத்துவம் கைநிறைய வாங்கியும் இருக்கிறது. பிரேசில் விரியன் ஒன்றின் நஞ்சில் சேர்ஜியோ ஃபெரெய்ரா 1965இல் கண்டதைத் தொடர்ந்து, 1981இல் கப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை பாவனைக்கு வந்தது. இன்று நமது ஊர்க் கிளினிக்கில் வாங்கும் எனலாபிரில் அதன் தம்பி. சுருட்டையின் நஞ்சிலுள்ள ஒரு புரதம் இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். அதன் வடிவத்தைப் பார்த்துச் செய்ததே மாரடைப்புக்காரருக்கு ஏற்றும் டிரோஃபிபான். கடித்தால் இரத்தம் நில்லாமல் ஓடவைக்கிற அதே குணம், அளந்து கொடுத்தால் அடைபட்ட குழாயில் இரத்தத்தை ஓடவைக்கிறது.

படகு பற்றிய கேள்வி மிச்சம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அதற்குப் பிறகும் யாழ்ப்பாணம்வரை தெரு இருக்கிறது. நஞ்சு ஒரு வாங்கியைப் பிடிக்கு முன்னர், ஒரு நரம்பு நுனியை இடிக்கு முன்னர், இரத்தத்திலேயே அதை மறித்தால்தான் விச ஊசியால் முழுப் பலன். ஆகவே இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் விடுவதும், விசக்கல் ஒட்டவைத்துப் பார்த்திருப்பதும் நேரத்தைத்தான் தின்னும். கல் ஒட்டுவது இரத்த ஈரத்தால். உள்ளே போன நஞ்சை அது இழுக்காது. நஞ்சின் பெரிய மூலக்கூறுகள் நிணநீர்க் குழாய்கள் வழியாகவே மெல்ல ஏறும், தசை அசைந்தால் வேகம் கூடும். கடிபட்ட காலையோ கையையோ ஒரு தடி வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிவருவது நல்லது.

கட்டுவிரியன் விடயத்தில் இன்னொன்று. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை அது இரவில் கடிக்கும். வலி இராது, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். காலையில் எழும்பும்போது வயிறு கொதிக்கிறது, இமை கனக்கிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் படகுக்குச் சொல்லியனுப்புங்கள்.