கிளட்சை இயக்கும் திரவம்

1964-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் காரில், கிளட்ச் பெடலின் விசையை இரும்புத் தண்டுகளும் நெம்புகோல்களும் கடத்தின. எஞ்சின் அசைந்தால் அவையும் இழுபடும், மூட்டுகள் தேயும். ஆகவே பழைய கார்ப் பிரியர்கள் சிலர் அவற்றை நீக்கி, திரவம் நிறைந்த குழாயைப் பொருத்துகின்றனர்.

நீங்கள் படித்த பாஸ்கல் விதிதான் இங்கே வேலை செய்கிறது. பெடல் அருகிலுள்ள பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ., கிளட்ச் அருகிலுள்ளது 6 சதுர செ.மீ. எனில், விசை இரு மடங்காகும்; ஆனால் நகரும் தூரம் பாதியாகும். தூரம் போதாவிட்டால் கிளட்ச் முழுதும் விடுபடாது. கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் உராயும்.

குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலும் இதே தொல்லைதான். ஏன்? காற்று எளிதில் சுருங்கும். திரவம் அநேகமாகச் சுருங்காது. ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளை நீர் நிறைந்த குழாயால் இணைத்து அழுத்துங்கள். பிறகு சிறிது காற்றை விட்டு அழுத்துங்கள். வேறுபாடு விரலிலேயே தெரியும்.