எரிச்சற்குடல் நோயும் நார்ச்சத்தும்

மலச்சிக்கலால் வருந்தும் ஒருவர் நார்ச்சத்தைக் கூட்டிக்கொள்ளுமாறு பலராலும் அறிவுறுத்தப்படுகிறார். அவரும் நம்பிக்கையோடு தவிட்டுப் பாணும் பயறும் மிகுதியாக உண்கிறார். சில நாட்களுள் வயிறு ஊதுகிறது, வலி மிகுகிறது, ஈற்றில் உணவைக் கண்டே அஞ்சுகிறார். இது அவர் செய்த பிழையன்று. நார்ச்சத்து என்பது ஒரே பொருளன்று என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்காததே பிழை.

எரிச்சற்குடல் நோயில் குடலிற் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே செல்லும் நரம்புத் தொடர்பு பிறழ்வதால், குடல் சிறிய அசைவையும் வலியாக உணர்கிறது. சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றோட்டம், வேறு சிலருக்கு இரண்டும் மாறிமாறி வரும்.

நார்ச்சத்து இருவகைப்படும். நீரிற் கரையாத நார் கோதுமைத் தவிட்டிலும் பழத்தோல்களிலும் மிகுதி. அது குடற்சுவரை உரசித் தூண்டும். கரையும் நார் ஓட்ஸ், கரட், தோடம்பழம் முதலியவற்றில் உண்டு. இசப்கோல் உமியோ நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். அக்கூழ் இறுகிய மலத்தை இளக்கும். இளகிய மலத்தைத் திரட்டும். அது மெதுவாகவே புளிப்பதால் வாயுவும் குறைவாகவே உண்டாகும்.

1970களில் டெனிஸ் பேர்க்கிற் என்னும் அறுவை மருத்துவரின் கருத்துகளால் தவிடு பெரும் புகழ் பெற்றது. எனினும், 2009இல் ஒல்லாந்தில் 275 எரிச்சற்குடல் நோயாளரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று வெளியாயிற்று. அவர்கள் மூன்று குழுவினராகப் பிரிக்கப்பட்டு, நாளொன்றுக்கு 10 கிராம் வீதம், இசப்கோலோ தவிடோ வெறும் அரிசிமாவோ 12 வாரங்களுக்கு அளிக்கப்பட்டனர். இசப்கோல் உண்டவருள் கூடுதலானோர் தணிவு பெற்றனர். தவிடு உண்டவரிற் பலர், நோய் மிகுந்ததென்று இடைநடுவிலேயே விலகினர்.

ஆகவே கரையும் நாரையே முதலிற் கைக்கொள்ளல் வேண்டும். இசப்கோலைத் தொடங்குவோர் நாளுக்கு ஒரு தேக்கரண்டியளவே கொண்டு, ஒரு குவளை நீரிற் கலந்து உடனே அருந்துதல் நன்று. வாரக்கணக்கிற் படிப்படியாகக் கூட்டலாம். உலர்ந்த நிலையில் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்க இடர்ப்படுவோர் அதனைத் தவிர்த்தல் வேண்டும். பிற மருந்துகளை இரண்டு மணிநேர இடைவெளியில் உட்கொள்வது நலம்.

வெங்காயம், உள்ளி, பருப்பு ஆகியவற்றிலுள்ள சில மாச்சத்துகள் விரைவிற் புளித்து வாயுவை உண்டாக்குவன. அவை ஒவ்வாதோர் சில வாரங்கள் குறைத்துப் பார்த்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தம் எல்லையை அறியலாம். ஆனால் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் ஒதுக்கினால் உடல் நலியும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப்பின் புதிதாகத் தோன்றும் குடற்கோளாறு ஆகியவற்றுள் எது காணப்படினும் உணவை மாற்றிக்கொண்டு காத்திராது வைத்தியரை நாடுக.

பிறருக்கு நன்மை செய்த உணவு தமக்குத் தீமை செய்ததென்று எவரும் நாணவேண்டியதில்லை. எந்த நார், எவ்வளவு, எத்துணை மெதுவாக என்னும் மூன்றையும் அறிந்து உண்பவருக்கு உணவு மீண்டும் அச்சமின்றி அமையும்.