எட்டாத கப்பலும் இரண்டு கோணங்களும்

கொள்ளுப்பிட்டிக் கடற்கரையிலே, புகையிரதப் பாதைக்கு அப்பால், துறைமுகத்துள் நுழையும் முறைக்காக நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் கரையிலிருந்து எத்துணைத் தூரத்தில் உள்ளது என்பதைப் படகேறாமலே அறிந்துவிடலாம் என்னும் உண்மை, க.பொ.த. சாதாரண தர மாணவர் முக்கோணிகளின் ஒருங்கிசைவு என்று பயிலும் அந்தச் சிறு பாடத்தினுள்ளே அடங்கிக் கிடக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கிரேக்க ஞானி தேலிஸ் சமுத்திரத்துக் கப்பல்களின் தூரத்தைக் கணித்தார் என்றும், அதற்கு இத்தேற்றம் அவருக்கு அவசியமாயிருந்திருக்கும் என்றும் கணித வரலாற்றாசிரியர் யூடெமஸ் கருதியதைப் பிற்கால உரையாசிரியர் புரோக்கிளஸ் எழுதிவைத்திருக்கிறார்.

கப்பலுக்கு நேரெதிரே கரையில் ஓரிடத்தைக் குறித்து, கரையோரமாக நூறு அடி நடந்து ஒரு கம்பை நாட்டி, அதே கோட்டில் மேலும் நூறு அடி சென்று, செங்கோணமாகத் திரும்பி நிலப்புறம் நடந்தால், கம்பும் கப்பலும் ஒன்றையொன்று மறைக்கும் ஓரிடம் வரும். திரும்பிய இடத்திலிருந்து அதுவரை நடந்த தூரமே கப்பலின் தூரம். கம்பின் இருபுறமும் அமைந்த முக்கோணிகளில் கரையோரப் பக்கங்கள் நாமே அளந்து சமமாக்கியவை; இரண்டிலும் ஒவ்வொரு செங்கோணம் உண்டு; கம்படியில் உள்ளவையோ குத்தெதிர்க் கோணங்கள். மாணவர் கோ.கோ.ப. (கோணம், கோணம், பக்கம்) என்று எழுதி முடிக்கும் நிறுவல் இதுவே.

ஆயினும், இரண்டு மைல் அப்பாலுள்ள கப்பலுக்காகக் காலி வீதியையும் கடந்து நகரினூடே இரண்டு மைல் நேராக நடப்பது எவர்க்கும் இயலாது. நில அளவையாளர் நடப்பதில்லை. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தபின் முக்கோணி வேறு வடிவமோ அளவோ கொள்ள இயலாது. ஆதலால் எஞ்சிய பக்கங்களைக் கணித்தே பெறலாம். கணித்த பக்கம் அடுத்த முக்கோணிக்கு அடியாகும். இந்தியாவில் நில அளவையாளர் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய இம்முறை, 1857இல் நீர்கொழும்புப் பகுதியில் அளக்கப்பட்ட அடிக்கோட்டுடன் இலங்கையிலும் கால்கொண்டது. அக்கோட்டின் முனையான கந்தவல, இந்நாட்டு நிலப்படங்களுக்கு நெடுங்காலம் ஆதாரப் புள்ளியாக விளங்கிற்று. மலையுச்சிகளுக்கிடையே எவரும் சங்கிலி இழுக்கவில்லை, கோணங்களே அளக்கப்பட்டன. வகுப்பறையில் இவ்வரலாறு ஒரு வார்த்தையேனும் சொல்லப்படாமல், எழுத்துகளின் வரிசை மட்டும் மனனம் செய்விக்கப்படுவது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது.

அவ்வரிசை ஏன் ப.ப.கோ. ஆகலாகாது என்பதைக் கவராயத்தால் காண்க. 30° கோணம் ஒன்றை வரைந்து, அதன் ஒரு புயத்தில் 8 ச.மீ. குறித்து, அப்புள்ளியை மையமாகக் கொண்டு 5 ச.மீ. ஆரையில் வில் வரைந்தால், அது மற்றைப் புயத்தை இரண்டு இடங்களில் வெட்டும். மூன்றாம் பக்கம் ஏறத்தாழ 3.9 ச.மீ. ஆகவும் இருக்கலாம், 9.9 ச.மீ. ஆகவும் இருக்கலாம், இத்தரவோடு திரும்பும் அளவையாளர்க்கு மலையுச்சி இரண்டில் எவ்விடத்தது என்று துணிய வழியில்லை. தரப்பட்ட கோணம் செங்கோணமாயின் இச்சந்தேகம் எழாது. ஆதலினாலேயே செம்பக்கமும் ஒரு பக்கமும் என்னும் வகைக்கு நூல்கள் தனியிடம் தருகின்றன. மேற்கூறிய உருவிலேயே மையத்திலிருந்து மற்றைப் புயத்துக்குச் செங்குத்து இறக்கிப் பார்த்தால், அதன் நீளம் சரியாக 4 ச.மீ.; அதன் இருமருங்கும் 3, 4, 5 என்னும் பக்கங்களையுடைய செங்கோண முக்கோணிகள் இரண்டு ஒருங்கிசைந்து நிற்கும்.