பச்சை பிடித்த பழைய செப்புக்காசு கிடைச்சா புளி போட்டுத் தேய்க்காதீங்க... ஏன் தெரியுமா?

அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ, சில சமயம் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியின் அடியிலோ பச்சை நிறத்தில் ஒரு வட்டத் தகடு கிடைக்கும். பழைய காசு என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்ப்பதுதான். காசு பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அதில் இருந்த ராஜாவின் பெயர் காணாமல் போயிருக்கும்.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண்ணுக்குள் இருந்த பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும். மொத்த எடை 1.716 கிலோ. தங்கத்தை மண் அரிக்காது. எத்தனை நூற்றாண்டு ஆனாலும் கழுவினால் போதும். செம்பு அப்படி இல்லை.

சமயபுரம் பக்கம் எந்தக் காலத்துக் காசு கிடைக்கலாம்?

எந்தக் காலத்துக் காசும் கிடைக்கலாம் என்பதுதான் பதில். மாரியம்மன் கோயிலால் இன்று எல்லோருக்கும் தெரிந்த சமயபுரத்தின் பழைய பெயர் கண்ணனூர். 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர் வீர சோமேஸ்வரர் இங்கே தலைநகர் அமைத்தார். அவர் கட்டிய சிவன் கோயில் போஜீஸ்வரர் கோயிலாக இன்றும் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சளர்களும் மதுரை சுல்தானும் கண்ணனூருக்காக மோதினார்கள். பிறகு விஜயநகரம், நாயக்கர், ஆற்காடு நவாப். 1752இல் கிளைவின் படையும் பிரெஞ்சுப் படையும் சண்டை போட்டதும் இதே சமயபுரத்தில்தான். அதற்கெல்லாம் முன்பு சோழர் ஆட்சி.

ஆட்சி மாறும்போது காசும் மாறும். அதனால் கையில் இருப்பது யார் காசு என்று சொல்ல, அதில் மிச்சம் இருக்கும் எழுத்தும் உருவமும்தான் சாட்சி.

ஒரு பெயர் போனால் என்ன ஆகிடும்?

ராஜராஜ சோழனின் செப்புக்காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இதே அமைப்பை இலங்கை மன்னர்களும் பின்பற்றினார்கள். முதலாம் பராக்கிரமபாகு, அவருக்குப் பின் வந்த அரசி லீலாவதி எல்லோருடைய காசும் பார்க்கக் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். வித்தியாசம் அந்தச் சின்ன எழுத்துகளில்தான். அது தேய்ந்துபோனால் சோழர் காசா, இலங்கைக் காசா என்பதே குழப்பமாகிவிடும்.

புளி அப்படி என்ன செய்யுது?

மண்ணில் உள்ள ஈரம், காற்று, உப்பு எல்லாம் சேர்ந்து செம்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். உலோகத்தை ஒட்டிச் சிவப்பு அடுக்கு, அதற்கு மேல் பச்சை அடுக்கு. இதைத்தான் களிம்பு என்கிறோம். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் இந்தச் செம்புக் களிம்புதான். ஆனால் பழைய காசைப் பொறுத்தவரை களிம்பு எப்போதும் எதிரி இல்லை. பல காசுகளில் எழுத்தின் வடிவமே அந்த அடுக்குக்குள்தான் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் உலோகமோ ஏற்கெனவே குழி விழுந்து அரிக்கப்பட்டிருக்கும்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றிலும் அமிலம் இருக்கிறது. அது களிம்பைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். உப்புத்தாளும் இரும்பு நாரும் இன்னும் மோசம். போனால் போனதுதான், திரும்ப வராது.

எந்தப் பச்சை ஆபத்து?

கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் உஷார்! இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர். உள்ளே சிக்கிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, காசை உள்ளிருந்தே தின்னும். அப்படிப்பட்ட காசை உடனே தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். இதற்குப் பயன்படும் பென்சோட்ரையசோல் போன்ற ரசாயனங்களை ஆய்வகத்தில்தான் கையாள வேண்டும், வீட்டில் முயற்சி வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கான ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு தொடங்கப்பட்டுவிட்டது.

செல்போன் போதும், காசைப் படிக்கலாம்!

இருட்டான அறையில் காசை வைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மேடு பள்ளங்களின் நிழல் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத கோடுகள் தெரியும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் கொடுத்து நான்கு போட்டோ எடுங்கள். எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நாகரி, அரபி, தெலுங்கு, தமிழ் என எந்த எழுத்து என்பதே பாதி அடையாளம். சிங்கம் தாங்கிய சின்னமும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி காசாக இருக்கலாம். நடுவில் ஓட்டை இருந்தால் 1940களின் ஓட்டைக் காலணாவாக இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் பழைய காசை எப்படிப் பாதுகாப்பது?

* மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பொடி உதிரும் காசு என்றால் தண்ணீரே வேண்டாம்.
* நன்றாக உலர்த்திய பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.
* விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது.
* பூஜை அறையில் மஞ்சள், குங்குமம் வைத்து அபிஷேகம் செய்யாதீர்கள்.
* பிவிசி கவர் கூடாது. அதிலிருந்து வெளிவரும் குளோரின் செம்பை அரிக்கும்.
* காற்றுப் புகாத டப்பாவில், புது ஷூ பெட்டியில் வருமே, அந்த சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

மண்ணில் கிடைச்சா யாருக்குச் சொல்லணும்?

இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. அப்படிக் கிடைத்த காசைக் கழுவாமல், கிடைத்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்துத் தகவல் சொல்வதே நல்லது. எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்பதும் வரலாறுதான்.

இன்னொரு விஷயம். 100 ஆண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். திருச்சி ஏர்போர்ட் வழியாக சிங்கப்பூர் சொந்தக்காரருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தனுப்பினால் சிக்கல்தான்.

'பழைய காசுக்கு லட்சம் ரூபாய்' என்று வரும் மெசேஜ்களையும் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் கும்பல்கள் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பெரும்பாலான செப்புக்காசுகளுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. அதன் மதிப்பு அந்த இரண்டு மூன்று எழுத்துகளில் இருக்கிறது. அடுத்த முறை பச்சைக் காசு கையில் கிடைத்தால், புளியைக் குழம்புக்கு வைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள்!