தேஜஸ்: கைகூடிய கணக்கும் கூடாத எஞ்சினும்

இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் தானாக நேராகப் பறக்காது. தெரிந்தே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

பயணிகள் விமானத்தின் மூக்கு காற்றில் சற்று எழும்பினால், மெல்லத் தணிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். தேஜஸில் மூக்கு எழும்பினால் மேலும் எழும்பும், விட்டால் புரண்டேவிடும். எடை மையத்தைப் பின்தள்ளி வைத்திருப்பதன் விளைவு இது. சண்டையில் சட்டென்று திரும்ப இந்தத் துடுக்குத்தனம் வேண்டும். ஆனால் அதை அடக்கும் வேகம் மனிதக் கைக்கு இல்லை. ஆகவே விமானி கட்டுப்பாட்டுக் கோலை இழுப்பது வெறும் விண்ணப்பம்தான். இறக்கை மடல்கள் எவ்வளவு அசைய வேண்டும் என்று நொடிக்குப் பலமுறை முடிவெடுப்பது கணினி. அந்தக் கணினிக்கு, ஒன்று பழுதானாலும் சமாளிக்க நான்கு தடங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் உதவி வந்தது. 1998 பொக்ரான் அணுச்சோதனையோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அங்கிருந்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிச்சத்தைப் பெங்களூரிலேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதல் மாதிரியை ஓட்டினார். என் கணக்கில் தேஜஸின் உண்மையான சாதனை அந்த மிச்சத்தைத் தாங்களே முடித்ததுதான், மற்றதெல்லாம் பிறகு.

2016இல் விமானப்படையின் 45ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸைப் பெற்றது. 2018இல் கோவை அருகே சூலூருக்கு வந்தது. 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே முதன்முதலாக ஒரு தேஜஸ் விழுந்தது, விமானி தப்பினார். 2025 நவம்பர் துபாய் கண்காட்சியில் விழுந்தபோது விமானி உயிரிழந்தார்.

எஞ்சின் கதை வேறு. உள்நாட்டு எஞ்சினுக்காக 1989இல் தொடங்கிய காவேரி திட்டம் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. தேவையான உந்துவிசை வரவில்லை. டர்பைன் அலகுகள், தங்கள் உலோகமே உருகும் சூட்டைத் தாண்டிய வாயுவில் சுழல வேண்டும். ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்துளைகளில் காற்றோட்டிக் குளிர்விக்கிற அந்த வித்தையை எந்த நாடும் எளிதில் விற்பதில்லை. கட்டுப்பாட்டுக் கணக்கை சிமுலேட்டரில் ஓட்டித் திருத்தலாம். இதை உருக்கி, வார்த்து, உடைத்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

அதனால் தேஜஸில் இருப்பது அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தின் எஃப்404 எஞ்சின். 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தும், அவற்றுக்கான முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மேலும் 97 விமானங்கள் கேட்டார்கள். அவற்றுக்காக நவம்பரில் 113 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டதும் ஜிஇயுடனேதான்.