டிஜிட்டல் பியானோ: வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

"எனக்கு ஒரு பியானோ வாங்கித் தாருங்கள்" என்று மகள் கேட்டால், வாப்பாவின் மனத்தில் முதலில் எழுவது விலை பற்றிய கேள்விதான். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். சில ஆயிரம் ரூபாவுக்கும் ஒன்று இருக்கிறது. பல இலட்சத்துக்கும் ஒன்று இருக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், சில பொத்தான்கள், ஒரு தாங்கி. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் குடும்பம் பணத்தை இழக்கும். பிள்ளை ஆர்வத்தை இழப்பாள். எனவே மாணவியரும் பெற்றோரும் கடைக்குப் போவதற்கு முன்னர் வீட்டிலேயே பேசித் தெளிய வேண்டிய சில விடயங்களை இங்கு பார்ப்போம்.

ஒரே தோற்றம், மூன்று கருவிகள்

முதலாவது, மரத்தால் செய்த பழைய பியானோ. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று எழும்பி, உருக்குக் கம்பியில் தட்டிவிட்டு உடனே திரும்பும். 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக மொத்தம் 88 கட்டைகள். கம்பிகளோ 200க்கும் அதிகம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் 1700ஆம் ஆண்டளவில் இதை உருவாக்கினார். அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது 1720இல் செய்யப்பட்டது. மெதுவாகவும் பலமாகவும் வாசிக்கக்கூடிய கருவி என்ற பொருளில்தான் இத்தாலிய மொழியில் இதற்குப் பெயர் வந்தது. அந்த நீண்ட பெயரில் 'மெதுவாக' என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதுவே 'பியானோ'.

இரண்டாவது, நம் ஊர்களில் 'ஓர்கன்' என்றும் 'கீபோர்ட்' என்றும் சொல்லப்படுவது. பெரும்பாலும் 61 கட்டைகள் இருக்கும். ஒரு கையால் தூக்கிச் செல்லலாம். நூற்றுக்கணக்கான ஒலிகளும் தாளங்களும் உள்ளே இருக்கும். ஜப்பானின் கசியோ நிறுவனம் 1980இல் தன் முதல் கீபோர்டை வெளியிட்ட பிறகு, இவ்வகைக் கருவிகள் சாதாரண வீடுகளுக்கும் வரத் தொடங்கின. பாடலுக்குப் பின்னணி வாசிக்கவும் பாடசாலை விழாக்களுக்கும் இது நல்ல கருவி. ஆனால் இதன் கட்டைகள் இலேசானவை. சிறு வில்லின் பலத்தில் மேலெழுபவை.

மூன்றாவதுதான் டிஜிட்டல் பியானோ. மரப் பியானோவின் 88 கட்டைகளும் அவற்றின் பாரமும் இதில் உண்டு. கம்பிகள் மட்டும் இல்லை. யமஹா நிறுவனம் தன் புகழ்பெற்ற கிளவினோவா வரிசையை 1983இல் தொடங்கியது. இன்று கசியோ, ரோலண்ட், கவாய் முதலிய நிறுவனங்களும் பலவகை டிஜிட்டல் பியானோக்களைச் செய்கின்றன.

விரலின் வேகம் ஒலியாவது எப்படி?

கம்பி இல்லாத பெட்டிக்கு, நாம் மெதுவாக அழுத்தினோமா பலமாக அழுத்தினோமா என்பது எப்படித் தெரிகிறது? இதிலே ஓர் அழகான எளிமை இருக்கிறது. ஒவ்வொரு கட்டையின் கீழும் குறைந்தது இரண்டு உணரிகள் உண்டு. கட்டை கீழிறங்கும்போது முதலில் ஒன்றைத் தொடும், பிறகு மற்றதைத் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவென்றால் விரல் வேகமாக இறங்கியிருக்கிறது. ஒலி பலமாக வர வேண்டும். நேரம் கூடினால் ஒலி மெதுவாக வர வேண்டும். மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1983இல் வகுக்கப்பட்ட 'மிடி' என்ற பொது முறையில் இந்த வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது.

அந்த எண்ணுக்கு ஏற்ற ஒலி எங்கிருந்து வருகிறது? பல கருவிகளில், உண்மையான பெரிய பியானோ ஒன்றின் ஒலிகளைப் பல அளவுப் பலத்தில் பதிவு செய்து நினைவகத்தில் வைத்திருப்பார்கள். நாம் கட்டையைத் தொட்டதும் பொருத்தமான பதிவு ஒலிக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவியால் தாங்க முடியும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. தொடக்கநிலை மாதிரிகளில் 64 என்றிருக்கும். புதிதாகக் கற்பவளுக்கு அது போதுமானது.

பெற்றோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை கற்பதில் பெரும்பகுதி விரலின் பலத்தையும் அதைக் கட்டுப்படுத்துவதையும் பற்றியது. இலேசான கட்டைகளில் மட்டும் பழகியவள் உண்மையான பியானோவின் முன் அமர்ந்தால் விரல் சோர்ந்துவிடும். ஆகவே காசு கொடுப்பதென்றால் கட்டைகளின் தரத்துக்குக் கொடுங்கள். 500 ஒலிகள், மின்னும் விளக்குகள், 200 தாளங்கள் என்று கடைக்காரர் அடுக்கும்போது, 'சுத்தியல் பாரமுள்ள 88 கட்டைகள் இருக்கின்றனவா?' என்று மட்டும் கேளுங்கள்.

நம் இசைக்கு இது பொருந்துமா?

கர்நாடக சங்கீதம் படிக்கும் மாணவியர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே எதுவும் இல்லை. ஒரு சுரத்தை அசைத்து, வளைத்து, அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கமகத்தைச் சாதாரணக் கட்டைகளில் கொண்டுவர முடியாது. இதே காரணத்துக்காகத்தான் ஆர்மோனியமும் ஒரு காலத்தில் வழக்கைச் சந்தித்தது. அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது.

ஆகவே வாய்ப்பாட்டும் வீணையும் கற்பவளுக்குப் பியானோ முதன்மைக் கருவியாக முடியாது. மேலைத்தேய சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்புபவளுக்கும் இசைக்குறியீட்டைப் படித்து இரு கைகளாலும் வாசிக்க ஆசைப்படுபவளுக்கும் அது பொருந்தும். பாடலுக்கு மெட்டுப் பிடிப்பதுதான் விருப்பமென்றால் 61 கட்டைக் கீபோர்டே போதும். மகள் எதைக் கேட்கிறாள் என்பதை அவளிடமே விசாரித்துப் பாருங்கள். 'பியானோ' என்ற ஒரு சொல்லுக்குள் இந்த மூன்று ஆசைகளில் எது ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

மார்க்கமும் குடும்பமும்

இசைக்கருவி என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. நான்கு மத்ஹபுகளையும் சேர்ந்த அறிஞர்களில் பெரும்பாலோர் நரம்புக் கருவிகளையும் காற்றுக் கருவிகளையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் போன்றோர் அத்தடைக்குக் காட்டப்படும் ஆதாரங்கள் பலமற்றவை என்று வாதிட்டார்கள். இசையின் கணிதத்தைப் பற்றி அல்ஃபாராபி பெருநூலே எழுதினார். இந்த வேறுபாட்டைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு, குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டியது அது. அந்தப் பேச்சு கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடக்கட்டும். வாங்கிய பிறகு உம்மா ஒரு பக்கமும் வாப்பா மறு பக்கமுமாக நின்றால் நடுவில் நின்று வருந்துவது பிள்ளைதான். வேண்டாம் என்று முடிவானால் அதையும் காரணத்தோடு, கனிவோடு சொல்லுங்கள்.

வன்னி வீட்டில் ஒரு பியானோ

வேண்டும் என்று முடிவான வீட்டுக்கு, நம் மண்ணையும் காலநிலையையும் வைத்துச் சில குறிப்புகள்.

மரப் பியானோ நம் பகுதிக்குக் கடினமானது. மாரியின் ஈரத்தில் மரம் உப்பும். கோடையின் வெக்கையில் சுருங்கும். சுருதி கலைந்துகொண்டே இருக்கும். சுருதி சேர்ப்பவரை ஒவ்வொரு முறையும் தூரத்திலிருந்து அழைக்க வேண்டும். டிஜிட்டல் பியானோவுக்குச் சுருதி கலையாது. மேசை மீது வைக்கும் மாதிரிகள் ஏறத்தாழ 11, 12 கிலோதான். இருவர் தூக்கினால் அறை மாற்றலாம்.

ஆனால் அதற்கும் பகைவர் உண்டு. சோளகக் காற்றோடு வரும் புழுதி கட்டைகளின் இடுக்கில் போய் உட்காரும். எறும்பும் பல்லியும் இதமான சூட்டைத் தேடி உள்ளே நுழையும். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் மூடிவிடுங்கள். வெயில் நேரே விழும் யன்னலோரமும் தகரக் கூரைக்குக் கீழுள்ள அறையும் வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றி வையுங்கள்.

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். டிஜிட்டல் பியானோ மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும். மாதக் கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் மின்சாரம் நின்றால் பல மாதிரிகள் ஊமையாகிவிடும். சில மாதிரிகள் பற்றரியிலும் இயங்கும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் பொருத்தி வாசிக்கலாம் என்பது இக்கருவியின் பெரிய வசதி. நானா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறார், தொட்டிலில் குழந்தை உறங்குகிறது, அயல் வீட்டில் தொழுகை நடக்கிறது என்றாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பயிலலாம். ஆனால் ஒலியை அதன் உச்ச அளவில் 60 வீதத்துக்குள் வைத்திருக்கும்படி உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. வாரத்தில் ஒரு நாளாவது ஹெட்போனைக் கழற்றி வீட்டார் கேட்கும்படி வாசியுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் பழகுவதற்கு மனம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கற்பிப்பார்? பியானோ ஆசிரியர் எல்லா ஊர்களிலும் இல்லை. பெண் ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோர் விரும்பினால் தேடல் இன்னும் நீளும். இணையவழி வகுப்பென்றால் டேட்டாச் செலவும் நல்ல இணைப்பும் தேவை. ஆசிரியரைக் கண்டுபிடித்த பிறகு கருவியைத் தேடுங்கள். பரீட்சை எழுதும் எண்ணமிருந்தால், எந்த வகைக் கருவி ஏற்கப்படும் என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

நகையும் கருவியும்

ஏ. ஆர். ரஹ்மானின் கதை பலருக்கும் தெரியும். தந்தை ஆர். கே. சேகர் 1976இல் காலமானபோது ரஹ்மானுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் தாயார் கரீமா பேகம் குடும்பத்தை நடத்தினார். பிற்காலத்தில் தம் முதல் ஒலிப்பதிவுக் கருவிக்காகத் தாயார் நகைகளை அடகு வைக்கக் கொடுத்ததை ரஹ்மான் நேர்காணலில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டு உடனே நகைப் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. வரிசையைப் பாருங்கள். சிறு வயதிலிருந்தே கீபோர்ட் வாசித்து, அதில் உழைத்துச் சம்பாதித்து, பல ஆண்டுகள் பழகிய மகனுக்காகவே அந்த நகை அடகுக்குப் போனது. பழக்கம் முதலில் வந்தது. பெரிய செலவு பிறகு வந்தது. அடகுச் சீட்டும் தவணைக் கடனும் எத்தனை வீடுகளின் நிம்மதியைத் தின்றிருக்கின்றன என்பதை நம் மாவட்டங்கள் நன்கு அறியும். ஒரு கருவிக்காக அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

அதற்கு ஒரு வழி உண்டு. முதல் ஆறு மாதங்களுக்கு உறவினர் வீட்டுக் கீபோர்டையோ பாடசாலைக் கருவியையோ கேட்டு வாங்கிப் பழகுங்கள். நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். எழுந்து வா என்று யாரும் சொல்லாமலே மகள் போய் அமர்கிறாளா என்று உம்மா மட்டும் கவனிக்கட்டும். ஆறாம் மாதத்திலும் அமர்ந்தால் அவளுக்குக் கருவி தேவை. இரண்டாம் மாதத்திலேயே தூசி படிந்தால் பணம் மிச்சம். அவளையும் ஏச வேண்டியதில்லை. பல வீடுகளால் தனித்தனியே வாங்க முடியாததை, பழைய மாணவியர் சங்கமும் பெற்றோரும் சேர்ந்து பாடசாலைக்கு ஒன்றாக வாங்கவும் முடியும்.

கடையில் நிற்கும்போது

புதிதோ பழையதோ, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக முதலில் மெதுவாகவும் பின்பு பலமாகவும் அழுத்திப் பாருங்கள். ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறினாலோ ஒலிக்க மறுத்தாலோ அதன் உணரி பழுது. ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கட்டைகள் 'டக் டக்' என்று கூடுதலாகச் சத்தமிட்டால் தேய்ந்திருக்கின்றன. கால் மிதியையும் ஹெட்போன் துளையையும் சோதியுங்கள். அடப்டர் அந்தக் கருவிக்கே உரியதா என்று பாருங்கள். உத்தரவாதம் எத்தனை காலம், பழுதானால் திருத்துவது எந்த ஊரில் என்று எழுத்தில் வாங்குங்கள். தாங்கியும் நல்ல உயரமுள்ள இருக்கையும் விலைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். உயரம் தவறினால் மணிக்கட்டு வலிக்கும்.

மாணவியரே, வீட்டில் ஒன்றைக் கேட்பதற்கு முன் அதைப் பற்றித் தெரிந்துகொண்டு கேட்பதும் ஒரு கல்விதான். எது வேண்டும், ஏன் வேண்டும், யார் கற்பிப்பார், எப்போது பழகுவேன், எவ்வளவு செலவாகும் என்று ஒரு தாளில் எழுதி உம்மாவிடமும் வாப்பாவிடமும் கொடுங்கள். பதில் 'ஆம்' என்றாலும் 'இப்போது வேண்டாம்' என்றாலும், உங்கள் சொல்லுக்கு அன்று முதல் வீட்டில் கூடுதல் மதிப்பு இருக்கும்.